அசையாத பறவை

தவளைவாயன் பகலில் அசையாது. அதற்கு வந்த வினையே அதுதான். தட்டேக்காட்டுக் காட்டில் கொடிகள் பின்னிக் கிடக்கும் ஏதோ ஒரு தாழ்ந்த கிளையில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் கொடியில் சிக்கிய சருகுக் கொத்து என்றுதான் முதலில் தோன்றும். வழிகாட்டி விரல் நீட்டிய பிறகும் கண்ணுக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆகும். பிடிபட்டுவிட்டால் வேறெதுவும் கண்ணில் படாது. அலகின் அடியைச் சுற்றி விறைத்த மயிர், உடம்புக்குப் பொருந்தாத அகன்ற வாய், பட்டையில் படர்ந்த பாசித்திட்டின் நிறத்தில் மார்பு. ஆள் அரவம் நெருங்க நெருங்க ஆண் தலையை மேல்நோக்கித் திருப்புகிறது. கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதை எப்படிப் பார்க்க முடியாதோ அப்படியே இந்தத் திருப்பத்தையும் பார்க்க முடியாது. சற்றுமுன் நேராக இருந்த அலகு இப்போது வானத்தைப் பார்த்து நிற்கிறது, அவ்வளவுதான் தெரியும். கண் ஒரு கோடாக ஒடுங்கியிருக்கும். நான் பறவை இல்லை, முறிந்த கொம்பின் நுனி என்று நம்மை நம்பவைக்க அது படும் பாடு இது. பின்னால் வரிசையில் நிற்பவர்களில் யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில், "எவ்வளவு சாது, போஸ் குடுக்குது பாருங்க" என்பார்.

அந்தப் பேச்சு எனக்குள் எங்கோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொன்னவர் கெட்டவர் இல்லை. பறவையைப் பார்க்க விடியுமுன் எழுந்து வந்தவர், குப்பை போடாதவர், யாராவது சத்தமாகப் பேசினால் முறைப்பவர். அவர் பார்த்ததும் பொய்யில்லை. பறவை அசையாமல்தான் இருந்தது. அந்த அசையாமைக்கு அவர் கொடுத்த அர்த்தத்தில்தான் கோளாறு. பகலில் இது இடம்விட்டுப் பறந்தால் கரிச்சான்கள் துரத்தும், வல்லூறின் கண்ணில் படும். முட்டை இருக்கும் காலமென்றால் இன்னும் சிக்கல். தன் உடம்பின் தூவியையும் மரப்பாசியையும் சேர்த்துக் கிளைமேல் ஒட்டவைத்த சின்னஞ்சிறு திண்டுதான் கூடு. அதில் ஒரே ஒரு வெள்ளை முட்டை. பகல் முழுக்க அடைகாப்பது ஆண். அது எழுந்தால் முட்டை வெட்டவெளியில் கிடக்கும். ஆகவே எழாது. நாம் பத்தடியில் நின்றாலும் எழாது, ஐந்தடியில் நின்றாலும் எழாது. நெருங்க விட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் விருப்பப்பட்டு உட்கார்ந்திருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது.

பெரியாற்றங்கரையில், இடுக்கி மலைகள் ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் இருக்கிறது தட்டேக்காடு. சுமார் 25 சதுர கிலோமீட்டர். நம் ஊர்ப்பக்கத்துப் பெரிய ஏரி ஒன்றின் ஆயக்கட்டு அளவுகூட வராது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி மறையூரிலும் முகாமிட்டார், இங்கும் வந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983இல், இது சரணாலயமாகி அவர் பெயரையும் பெற்றது. அவருடைய கணக்கெடுப்பு துப்பாக்கியோடு நடந்தது. சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டினால்தான் அன்று ஒரு பறவை பதிவானதாக அர்த்தம். இன்று பறவை பார்க்கப் போகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அந்தச் சுளிப்பு உண்டு. ஆனால் அதன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு மனிதர், ஒரு துப்பாக்கி, ஒரு பருவம். அதோடு அந்தக் காடு அவரை மறந்துவிட்டது. இன்று ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை அதே அடிவாரத்தில் முழங்கை நீள லென்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஞாயிறும் நிற்கும், அடுத்த சனியும் நிற்கும். யாரும் எதையும் கொல்லவில்லை. ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். கிளையில் இருக்கும் பறவைக்கு அந்த ஐந்து நிமிடங்கள் தனித்தனியாக வந்து சேர்வதில்லை என்பதை வரிசையில் நிற்பவர் எவராலும் உணர முடியாது. அவரவருக்கு அவரவர் ஐந்து நிமிடம்தான் தெரியும்.

நெல்லியாம்பதிப் பக்கம் போனால் பெரிய இருவாட்சியிடம் இது தலைகீழாக இருக்கிறது. அங்கே பறவை வராமலிருப்பதை நாம் தப்பாகப் படிக்கிறோம். கேரளத்தின் மாநிலப் பறவை. மலைமுழக்கி என்று மலையாளத்தில் பெயர். சிறகடிப்பு மூச்சிரைப்பாய்ப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் பெண் ஒரு முதிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே அதன் பறக்கும் இறகுகள் உதிர்கின்றன. ஏறக்குறைய மூன்று, நான்கு மாதம் அந்தக் கீறல் வழியாக ஆண் கொண்டுவந்து கொடுப்பதுதான் சாப்பாடு. பெரும்பாலும் அத்திப்பழம், தொண்டைக்குள் அடக்கிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஊட்டும். குஞ்சு பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். ஆனைமலைப் பகுதியில் ரகுபதி கண்ணனும் அவருக்குப் பிறகு திவ்யா முடப்பா, சங்கர் ராமன் போன்றவர்களும் பல்லாண்டுகள் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நாள்கணக்கில் தொலைவில் மறைந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள். கூட்டு மரத்தின் அடியில் காரை நிறுத்தி இறங்குகிறவர் பார்ப்பது வேறு. ஆண் வருகிறது, நேராகக் கூட்டுக்கு வராமல் எதிர்ச் சரிவில் ஒரு மரத்தில் உட்காருகிறது. தொண்டை புடைத்திருக்கிறது. கீழே இருப்பவர்களைப் பார்க்கிறது. ஒரு கிளை மாறுகிறது. மறுபடி உட்காருகிறது. கீழே ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறார். அரைமணி கழித்து அது திரும்பிப் போய்விடுகிறது. "இன்னிக்கு நமக்கு லக் இல்ல" என்று சொல்லி எல்லோரும் கிளம்புகிறார்கள். பொந்துக்குள் இருப்பவளுக்கு அன்று ஒருவேளை சாப்பாடு தவறியது. அந்தக் காலை வேளையில் நடந்த ஒரே பெரிய சம்பவம் அதுதான். அதற்குப் படம் கிடையாது, யாருடைய குறிப்பேட்டிலும் அது ஏறாது.

அதே நெல்லியாம்பதியில்தான், 1970களில், எஸ்.ஏ. உசேனும் ரெசா கானும் தென்னிந்தியாவுக்கே உரியது என்று ஓர் ஆந்தை வகையை விவரித்தார்கள். மலையாளத்தில் அதை இன்றும் ரிப்ளி மூங்ஙா என்கிறார்கள், சாலிம் அலியோடு சேர்ந்து புத்தகம் எழுதிய ரிப்ளியின் நினைவாக. இதயம் போல முகமும் சோகமான கண்களுமாக அதன் படம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. அந்தப் படங்களில் பல இரவில் டார்ச் வெளிச்சத்தில் எடுத்தவை. இருட்டில் வேட்டையாடப் பிறந்த கண்ணுக்குள் பாயும் வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே தங்கும் என்று நினைத்துப் பார்க்காமல் அந்தப் படங்களை என்னால் ரசிக்க முடிவதில்லை. எடுத்தவர்களில் சிலர் என் நண்பர்கள். இதை அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த படத்தைக் காட்டுவார்கள்.

அசையாத பறவை, வராத பறவை தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எனக்கு அதிகக் குழப்பம் தருவதும் அதுதான். கூப்பிட்டால் வரும் பறவை. மூணாறுச் சோலைகளில் ஓடை ஓரத்து இருட்டில் வாழும் சோலைக்கிளி என்ற நீலக் குருவி. கிளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஈப்பிடிப்பான்களுக்கு உறவு. பாலக்காட்டுக் கணவாய் இந்தக் குருவிகளை இரண்டாகப் பிரித்துவிட்டது. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒன்று, தெற்கே ஆனைமலை, பழனி, மூணாறு உச்சிகளில் இன்னொன்று. 2017இல் வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணுவை ஆராய்ந்து இவற்றுக்குத் தனிப் பேரினமே கொடுத்தார்கள். அந்தப் பெயரிலேயே சோலை இருக்கிறது. உயர்ந்த மலையின் குளிர்ந்த சோலையை விட்டு இது கீழே இறங்காது. வாளையாறு வழியாக ரயிலில் நாம் அரைத் தூக்கத்தில் கடக்கும் அந்தச் சமவெளி இதற்குக் கடல். ஒரு சோலையில் இது அழிந்தால் அடுத்த மலையிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. தன் ஓடைத் துண்டைக் காப்பது இதற்கு வாழ்வா சாவா என்ற விஷயம். அதனால்தான் கைபேசியில் இதன் பாட்டை ஒலிக்கவிட்டால் புதரை விட்டு வெளியே வந்துவிடுகிறது. எதிரி ஒருவன் தன் வீட்டுக்குள் வந்து பாடுகிறான் என்று நினைக்கிறது. பறவை பார்ப்பவர்கள் இதை பிளேபேக் என்பார்கள். சின்னப் புளூடூத் பெட்டி ஒன்று எல்லோருடைய பையிலும் இருக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவர், ஜீப் ஓட்டிக்கொண்டே பறவை காட்டுவதையும் கற்றுக்கொண்டவர், இந்தச் சங்கதியை எனக்குச் சுருக்கமாகச் சொன்னார். "சார், போட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துரும். ஆனா வந்து நம்மளப் பாக்காது. அந்தச் சத்தத்தத்தான் தேடும். பெட்டி மேலயே ஏறி நின்னு தேடும். பாக்க ஒரு மாதிரி இருக்கும்." பிறகு ஏன் போடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமலே பதில் வந்தது. "போடாம ஒரு பார்ட்டிய கூட்டிட்டுப் போனேன் சார். பறவ வரல. அடுத்த வாரம் அவங்க வேற ஆளக் கூப்பிட்டாங்க."

போட்டால் என்ன ஆகிறது என்பது அவ்வளவு எளிதாகத் தீரும் கேள்வி அல்ல. ஈக்குவடார் மலைக்காட்டில் பறவை பார்ப்பவர்களைப் போலவே பாட்டை ஒலிக்கவிட்டுச் சோதித்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. முதலில் கொதித்துப்போய்ப் பதில் பாடிய ஒரு குருவி இனம், தினமும் ஒலிக்க ஒலிக்க, சுமார் பன்னிரண்டு நாளில் பழகிப்போய்ப் பொருட்படுத்தாமல் விட்டதாம். பிளேபேக்குக்கு ஆதரவாக இதைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்: பார்த்தீர்களா, பழகிவிடுகிறது, கெடுதல் ஒன்றுமில்லை. எனக்கு அதே முடிவு வேறு பக்கமாக இடறுகிறது. தன் இனத்தின் பாட்டைக் கேட்டும் அசையாமல் இருக்கப் பழகிய ஒரு குருவியின் எல்லைக்குள் நிஜமான எதிரி வந்து பாடினால்? மறுபக்கம், நான் இப்படி யோசிப்பதும் மிகையோ என்ற சந்தேகம் உண்டு. ஒரு சோலையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் ஒலிக்கும் பாட்டும், ஊரே கூடும் ஒரு பாதையோரத்தில் சீசன் முழுக்க வண்டிக்கு வண்டி ஒலிக்கும் பாட்டும் ஒன்றல்ல. கெடுதல் பாட்டில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், யாருடைய முறை கடைசி முறையாக இருக்க வேண்டும்? எனக்கு முன்னால் வந்தவரோடு நின்றிருக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்கிறது. எல்லோர் மனமும் அப்படித்தான் சொல்லும்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து யோசிக்கும்போதுதான் என் உறுத்தல் எங்கே இருக்கிறது என்று ஓரளவு புலப்படுகிறது. பயந்து உறைந்திருப்பதைச் சாது என்கிறோம். பயந்து வராமலிருப்பதை நம் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுகிறோம். ஆத்திரத்தில் ஓடிவருவதைக் காட்சி கொடுத்தது என்கிறோம். பறவை எது செய்தாலும் அதில் நமக்குச் சாதகமான ஓர் அர்த்தம் தயாராக இருக்கிறது. கோயிலுக்குப் போய்ப் பழகிய மனம் காட்டுக்கும் அப்படியே போகிறதோ என்னவோ. போனோம், தரிசனம் ஆயிற்று, வந்தோம். சாமி கோபித்துக்கொண்டதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரே வழி இடத்தைச் சொல்லாமல் இருப்பது என்று ஒரு கட்சி. பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் தளம் 2017 முதல் சில இனங்களின் இருப்பிடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கிறது. சுமார் இருபது கிலோமீட்டர் நீள அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. கூட்டு மரத்தின் ஜிபிஎஸ் புள்ளியைக் குழுவில் போடுபவர்களோடு சேர மாட்டேன் என்று நானும் தீர்மானமாகவே இருக்கிறேன். ஆனால் ரகசியத்தை முழுமுதல் அறமாக ஏற்கவும் தயக்கம் இருக்கிறது. அதிரப்பிள்ளி மின்திட்டத்தை எதிர்த்தவர்கள் சாலக்குடி ஆற்றங்கரைக் காட்டில் இருவாட்சிகள் கூடுகட்டுகின்றன என்று ஊரறியச் சொன்னதால்தான் அந்த எதிர்ப்புக்கு எலும்பும் சதையும் வந்தது. வாழச்சால் காட்டில் ஒரு காலத்தில் பொந்திலிருந்து குஞ்சை எடுத்த காடர் பழங்குடியினரே இப்போது வனத்துறையிடம் கூலி வாங்கிக்கொண்டு அதே பொந்துகளைக் காவல் காக்கிறார்கள். மரம் எங்கே என்பது அவர்களுக்கு மனப்பாடம் என்பதால்தான் காவலே நடக்கிறது. பறம்பிக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாலக்காடு மாவட்டத்துப் புலிகள் காப்பகம், ஆனால் வண்டிப்பாதை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. காட்டை அறிந்தவர்கள் உள்ளே குடியிருக்கிறார்கள். அறியாத நாம் சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறோம். இடம் தெரிந்திருப்பதில் தவறில்லை. தெரிந்த இடத்துக்கு யார், எந்த மாதத்தில், எத்தனை பேர் போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பறவை பார்ப்பதில் இன்னொரு விதமும் இருக்கிறது, அதுவும் கேரளத்திலேயே நடந்தது. 2015 முதல் 2020 வரை சுமார் ஆயிரம் தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, குலுக்கலில் எந்தக் கட்டம் விழுந்ததோ அங்கே போய், பதினைந்து நிமிடம் நின்று, கண்ணிலும் காதிலும் பட்டதையெல்லாம் எழுதினார்கள். ரப்பர் தோட்டம், வயல் வரப்பு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எதுவானாலும். 25,000க்கு மேற்பட்ட பட்டியல்கள், 361 இனங்கள், மூன்று லட்சம் பதிவுகள். அரிய பறவையைத் துரத்தியவர் யாரும் இல்லை. பதினைந்து நிமிடம் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும், அவ்வளவுதான் விதி. ஐந்து ஆண்டுகள் மைனாவையும் காக்கையையும் எண்ணிய இந்த ஆயிரம் பேருக்குத் தெரிந்த கேரளம் தவளைவாயன் படம் எடுத்த பத்தாயிரம் பேருக்குத் தெரியாது என்று நான் தயங்காமல் சொல்வேன். இந்தப் பக்கத்து மண்ணில் அப்படிப்பட்ட மரபு புதிதும் அல்ல. 1958இலேயே கேரளத்துப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் பெரிய நூல் எழுதிய இந்துசூடன் என்ற கே.கே. நீலகண்டன் பாலக்காட்டுக்காரர்தான். அவர் நினைவாகத்தான் சூலனூர் மயில் சரணாலயம் இருக்கிறது.

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருப்பது வியப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2(16) பிரிவு வேட்டை என்றால் என்ன என்று சொல்லும்போது கொல்வதையும் பொறிவைப்பதையும் விஷம் வைப்பதையும் சொல்லிவிட்டு, பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் அதே வரிசையில் வைக்கிறது. கூட்டுக்குக் குறுக்கே நிற்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுப்பவர், அந்தச் சட்டத்தின்படி, வேட்டைக்காரர். வழக்கு ஏதும் வராது; காட்டில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? எழுத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான். வரையாட்டுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அது குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் பூட்டிவிடுகிறார்கள். மூணாறுக்கு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போகிறார்கள். யாரும் கலகம் செய்ததில்லை. அந்த இரண்டு மாதம்தான் நெல்லியாம்பதியில் இருவாட்சி பொந்துக்குள் இருக்கும் காலமும், தட்டேக்காட்டில் தவளைவாயன் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் காலமும். அங்கெல்லாம் அதுதான் சீசன்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதை ஊரே விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு வனத்துறை இனிப்பு கொடுக்கிறது. அதை இங்கே அப்படியே பொருத்த முடியாது. அங்கே பறவைகள் ஊருக்கு வருகின்றன, இங்கே நாம் பறவையின் ஊருக்குப் போகிறோம். போகாமல் இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் போகிறவன்தான், இனியும் போவேன். நம் வருகையை நம்பி ஹோம்ஸ்டே கட்டியவர்களும் ஜீப் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பு நின்றால் அந்தக் காட்டின்மேல் அவர்களுக்கு இருக்கும் அக்கறைக்கும் பங்கம் வரும். ஆகையால் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை தட்டேக்காட்டுக்கோ மூணாறுக்கோ நெல்லியாம்பதிக்கோ போகும்போது, வண்டியில் ஏறுமுன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்: கூட்டு மரம் காட்ட வேண்டாம், பெட்டியில் பாட்டுப் போட வேண்டாம், பறவை ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் பேசிய கூலி முழுசாகக் கிடைக்கும், அடுத்த வருடமும் உங்களையேதான் கூப்பிடுவோம். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும்.